இன்னொருத்தி வரும்வரை

போன மாதம், என் பழைய இடத்தில் இப்போது வேலை பார்க்கும் நர்ஸ் பெண் போன் செய்தாள். ஒரகடத்தில் கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி அது. ஓய்வு பெறும் வரை அங்கேதான் முதலுதவி அறையில் இருந்தேன். இனிமேல் பெண்களையும் கேட்டில் ஊதச் சொல்லப் போகிறார்களாம். ஆண்கள் ஷிஃப்டுக்கு வரும்போது மெஷினில் வாய் வைத்து ஊதிவிட்டு உள்ளே வருவது பல வருஷத்து வழக்கம். குடித்திருந்தால் மெஷின் கத்தும், ஆள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பெண்கள் வரிசையில் பையைத் துழாவிப் பார்ப்பார்கள், செல்போனை வாங்கி வைப்பார்கள், அவ்வளவே. "லேடீஸ் யாரு சிஸ்டர் குடிக்கப் போறாங்க? தண்ட வேலை," என்று அந்தப் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளிடம் சொல்ல நினைத்துப் போனில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் நர்சிங் படித்தது, பிறகு செங்கல்பட்டுப் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் கால் வீங்க நின்றது எல்லாம் யாருக்கும் சுவாரசியம் தராது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அவ்வப்போது நான் சொன்ன பதில்களைச் சேர்த்தால் அதுவே ஒரு கதைப் புத்தகம். அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். அம்மா போன பிறகு சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு சின்ன வீட்டில் நானும் என் சத்தமும் மட்டும். கம்பெனியில் ஆயிரம் பேர் "சிஸ்டர், சிஸ்டர்" என்பார்கள். வீட்டுக்கு வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர் கிடையாது.

முதலுதவி அறையின் வேலையில் பாதி, கேட்டில் மெஷின் கத்திய ஆட்களுக்கு மறுசோதனை செய்வது. முதலில் வாயை நன்றாகக் கொப்பளிக்க வைக்க வேண்டும். கால் மணி நேரம் எதுவும் குடிக்காமல், வெற்றிலை பாக்கு போடாமல் என் கண் முன்னால் உட்கார வேண்டும். அப்புறம் புதுக் குழாய் மாட்டி மறுபடி ஊத வேண்டும். அந்தக் கால் மணியில்தான் கதைகள் வரும். இருமல் மருந்து குடித்தேன் என்பார்கள், மாமியார் கொடுத்த கஷாயம் என்பார்கள். முந்தின நாள் கல்யாண வீட்டில் யாரோ பாயசத்தில் கலந்துவிட்டார்கள் என்று ஒருவர் சத்தியம் செய்தார். முகத்தைச் சுளிக்காமல் கேட்டுக்கொள்வேன். குடித்தவனின் நடையை முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்தே கண்டுபிடிப்பேன் என்று எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

எங்கள் டாக்டரின் பெயர் சந்தானம். காலையில் வந்து மதியம் போய்விடுவார். மெலிந்த மனிதர், கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். வந்தவரிடம் "உடம்புக்கு என்ன?" என்று கேட்கவே மாட்டார். "எந்த பஸ்? எந்த ஸ்டாப்பிங்?" இதுதான் முதல் கேள்வி. கம்பெனி பஸ் எந்த ஊரில் எத்தனை மணிக்கு நிற்கும் என்பது அவருக்கு மனப்பாடம். ஸ்டாப்பிங்கைச் சொன்னால் ஆள் எப்போது எழுந்திருப்பார், சாப்பிட நேரம் இருந்திருக்குமா, எவ்வளவு தூங்கியிருப்பார் என்று கணக்குப் போட்டுவிடுவார். பாதிப் பேருக்கு மாத்திரை எழுத மாட்டார், இட்லி எழுதுவார். இன்னொரு வழக்கமும் உண்டு. "சிஸ்டர், கொஞ்சம் வெந்நீர்" என்பார். பிளாஸ்க் நிறைய வெந்நீர் அவர் மேஜையிலேயே இருக்கும். நான் வெளியே போய்க் கதவைச் சாத்தி, அவர் கூப்பிடும் வரை வரக்கூடாது என்று அதற்கு அர்த்தம். இது புரியாமல் முதல் வாரம் வெந்நீரைச் சுமந்துகொண்டு நடுவில் நுழைந்தேன். அவர் நன்றி என்று வாங்கி வைத்துவிட்டு, மறுபடியும் வெந்நீர் கேட்டார்.

செல்வராணி என்று ஒருத்தி. அது அவளுடைய பெயர் இல்லை, நான் வைத்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், முப்பதைத் தாண்டியவள், செய்து முடித்த பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். மகள் ஊரில் பாட்டியிடம் வளர்ந்தாள். இவள் பிள்ளைப்பாக்கத்தில் ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருந்தாள். எப்போதும் தைல வாசனையோடு வருவாள். நெற்றியில், மூக்கில், கழுத்தில் எல்லாம் தைலம். தீராத சளி என்று நானும் ஆவி பிடிக்க வைத்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வயிற்று வலி என்று வந்தபோது டாக்டர் இருந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். வீட்டு வாசலிலேயே பஸ் நிற்கும் என்றாலும், அவள் அடுத்த ஸ்டாப்பிங் வரை நடந்து போய் ஏறுகிறாள் என்று தெரிந்தது. டாக்டர் பேனாவை மூடி வைத்தார். வெந்நீர் கேட்டார்.

நான் திரும்ப உள்ளே போனபோது அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு டாக்டர் சொன்னார்: "அடுத்த ஸ்டாப்பிங்ல பஸ் நெறைஞ்சிடும். நின்னுகிட்டு வரலாம். வாசல்ல ஏறினா சீட் கிடைக்கும், பக்கத்துல ஒருத்தி உக்காருவா. வாடை தெரியும். நிக்கிறதுக்காக நடந்து போறா சிஸ்டர்." என்னிடம் சொல்லச் சொல்லி அவளே அனுமதி கொடுத்திருந்தாள். முற்றத்தின் கோடியிலிருந்து நடை பார்த்த என் கர்வம் அன்றைக்கு எங்கே போனதோ.

குடியைச் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து, வலிப்பு வரும். அதனால் டாக்டர் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வயிற்றுக் கோளாறுக்கு லீவு எழுதினார், அதுவும் பொய் இல்லை. அவள் தேறித் திரும்பி வந்த அன்றைக்கு என்னை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் அவர் உட்கார்ந்தார். "மருந்து வேலை முடிஞ்சுது சிஸ்டர். இனிமே அவளுக்கு ஆள் வேணும். குடிச்சு நிறுத்தின ஆளுங்க கூடிப் பேசுற கூட்டம் இருக்கு. அவ போய் உக்கார ஒரு இடம் தேடிக் கொடுங்க. இல்லாட்டி அந்த ஒத்தை ரூம் மறுபடி அவளைக் குடிக்க வெச்சிடும்." ஒற்றை அறை என்ன செய்யும் என்பது எனக்கும் தெரியும். நான் சரி என்றேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த நம்பருக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையான மனிதர். உங்க வீட்டுக்காரருக்காங்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மகனுக்கா, தம்பிக்கா, அண்ணனுக்கா, அப்பாவுக்கா என்று வீட்டிலுள்ள ஆண்களை எல்லாம் வரிசையாகக் கேட்டு முடித்தார். ஒரு பெண்ணுக்கு என்றேன். பெண்ணுக்கா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு, தாராளமாக வரச் சொல்லுங்கள் என்றார். தாம்பரத்தில் நடப்பது வார நாளில், ஷிஃப்டுக்கு ஒத்துவராது. எங்கள் ஊரிலேயே ஒன்று இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரு சர்ச்சின் பின்னால். போர்டு கிடையாது. வருகிறவர்களின் பெயர் வெளியே தெரியக்கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

போர்டு இல்லாத இடத்தை எப்படி விசாரிப்பது? ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். குடியை விட்டவர்களின் கூட்டம் எங்கே நடக்கிறது என்று நான் கேட்டால், சாயங்காலத்துக்குள் சிஸ்டரும் குடிக்கிறார் என்று ஒரகடம் வரை சேதி போய்விடும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சர்ச் பின்னால் கூட்டம் நடக்கிறதாமே என்று பட்டும் படாமலும் கேட்டேன். ஒருவர் ஜெபக் கூட்டத்துக்கு வழி சொன்னார். இன்னொருவர் சீட்டு எடுக்கும் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவே தயாராக இருந்தார். கடைசியில் தலை நரைத்த ஒரு ஆட்டோக்காரர் வந்து, என்னை எதுவும் கேட்காமல், "குந்துங்க சிஸ்டர். நானும் அங்கதான் போறேன்," என்றார். அவர் பெயர் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆட்டோ அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு செல்வராணியைக் கூட்டிக்கொண்டு போனேன். சிறுபிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தும் அறை. சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்கள், குட்டைப் பெஞ்சுகளில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்த பெரிய ஆண்கள். வாசலிலேயே ஆட்டோ அண்ணன் என்னைத் தடுத்தார். குடித்தவர்கள் மட்டும்தான் உள்ளே, துணைக்கு வந்தவர்கள் வெளியே என்பது விதி. செல்வராணி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வரலன்னா நானும் போவல அக்கா. அவ்வளவு பேரும் ஆம்பிளைய."

அவள் என்னை சிஸ்டர் என்று கூப்பிடாமல் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நானும் குடிப்பேன் என்று ஒரு பொய் சொல்லி உள்ளே போய்விடலாமா என்று நினைத்தேன். ஆட்டோ அண்ணன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு வீடு தள்ளி மிக்ஸி ஓடினாலே என்ன அரைக்கிறார்கள் என்று சொல்லிவிடக்கூடிய கூர்மையான ஆள். அவரிடம் பொய் எடுபடாது. அவளை மெல்லத் தள்ளி உள்ளே அனுப்பினேன்.

அவள் வெளியே வந்தபோது தைரியமாகத்தான் இருந்தாள். யாரும் தப்பாகப் பார்க்கவில்லை, ஒருவரும் கிண்டல் செய்யவில்லை. ஆனால் நாலைந்து வாரம் போன பிறகு, பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருக்கும்போது சொன்னாள்: "எனக்காவ எல்லாரும் நல்லவியளா பேசுதாவ அக்கா. சம்பந்தி வீட்டு ஆளு முன்னால பேசுத மாதிரி." அவள் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் காலை மடக்கி, சட்டைப் பொத்தானைச் சரிசெய்து உட்காருவார்களாம். போதையில் சாக்கடையில் விழுந்ததை, பெண்டாட்டியை அடித்ததை, வேட்டி இல்லாமல் விடிந்ததை ஒரு பெண்ணின் காதுபட எப்படிச் சொல்வார்கள்? குடி கெட்ட பழக்கம், விட்டேன், கடவுள் புண்ணியம் என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார்களாம். அவர்கள் அப்படி மூடிப் பேசினால் இவள் எதைத் திறந்து பேசுவாள்? இவளும் அதையே சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பெண் வந்ததால் அந்த ஆண்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை போயிற்று, இவளுக்கும் கிடைக்கவில்லை. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. எல்லோரும் மரியாதை தெரிந்தவர்கள், அதுதான் தொல்லை.

ஆட்டோ அண்ணனிடம் பேசினேன். பெண்களுக்குத் தனியாகக் கூட்டம் வைக்கலாம் என்றார். அதே அறையை நாலு மணிக்கு, ஆண்கள் வருவதற்கு முன்னால், பங்குச் சாமியாரிடம் கேட்டு வாங்கிக் கொடுப்பது அவர் பொறுப்பு. "ரெண்டு பேர் இருந்தா போதும் சிஸ்டர், அது கூட்டம்தான். ஆனா ரெண்டு பேரும் குடிச்சவங்களா இருக்கணும்." ஆக, இன்னும் ஒருத்தி வேண்டும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் முழுக்க எத்தனை கம்பெனி, எத்தனை ஹாஸ்டல், எத்தனை பெண்கள். அதில் ஒருத்தி.

சந்தேகப்படும்படி ஒன்றிரண்டு பேர் எனக்குத் தெரியும். டாக்டரிடம் கேட்டேன். அவர் குரல் இறங்கிவிட்டது. "நீங்க யாரையும் போய்க் கூப்பிடக் கூடாது. இடம் இருக்குன்னு எல்லாருக்கும் சொல்லுங்க. தேவைப்பட்டவ வருவா." மாதம் ஒருமுறை பெண்களின் ஓய்வறையில் ரத்தசோகை பற்றி, சுத்தம் பற்றி நான் பேசுவது உண்டு. அந்த மாதம் பேச்சின் கடைசியில், குடிக்கிற பெண்களுக்கு இந்த இடத்தில் இந்த நேரத்தில் ஒரு அறை இருக்கிறது என்று சொன்னேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மறுநாள் பர்சனல் மேனேஜர் கூப்பிட்டு, கம்பெனிப் பெண்களின் பெயர் கெடுகிறது என்று என்னைக் கடிந்துகொண்டார். டாக்டர் என்னோடு வந்திருந்தார். நான்தான் சொல்லச் சொன்னேன், அடுத்த மாதமும் சொல்வார் என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அதைச் சொன்னதால் மேனேஜருக்குத் திருப்பிக் கத்தக்கூட வழியில்லாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அறையைத் திறந்து வைத்தோம். யாரும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவள் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனம் வராமல் நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். கூட்டம் என்று ஒன்று இல்லாதபோது விதி எங்கே இருக்கிறது? நான் ஏதாவது பலகாரம் செய்து கொண்டு போவேன். அவள் மகள் போனில் பேசியதை எல்லாம் அதே குரலில் சொல்லிக் காட்டுவாள். ஊர்க் கதைகள் சொல்வாள், எனக்குக் கன்னம் வலிக்கும் வரை சிரிப்பேன். மழைக்காலம் வந்து போகும் வரை இப்படி நடந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கையிலேயே நான் திங்கட்கிழமையிலிருந்து எதிர்பார்த்துக் காத்திருந்த ஞாயிற்றுக்கிழமைகள் அவை மட்டும்தான். இன்னொருத்தி வர வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொள்வேன். வராமல் போனால் எனக்கு ஏமாற்றமாகவும் இருக்காது.

ஒரு ஞாயிறு அவள் வந்தபோது தைல வாசனை அடித்தது. குடித்தாயா என்று கேட்டேன். குடிக்கவில்லையாம், பாட்டில் வாங்கி அறையில் வைத்திருக்கிறாளாம், தைலத்தையும் எடுத்துப் பூசிக்கொண்டிருக்கிறாள். எல்லாம் தயார், குடிப்பது ஒன்றுதான் பாக்கி. என்னிடம் சொல்லேன், எதுவானாலும் சொல், நான் கேட்கிறேன் என்று கெஞ்சினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட சொன்னா நீங்க வருத்தப்படுதிய அக்கா. இப்பமே கண்ணு கலங்குது பாருங்க. எனக்கு வருத்தப்படாத ஆளு வேணும். 'நானும் அப்பிடித்தான்'னு சொல்லுத ஆளு."

அன்றைக்கு அவளோடு பிள்ளைப்பாக்கம் வரை போய், பாட்டிலை வாங்கி வாய்க்காலில் ஊற்றிவிட்டு வந்தேன். மறுநாள் ஸ்டாண்டில் ஆட்டோ அண்ணனைத் தேடிப் பிடித்து, ஏன் ஒருத்தியும் வர மாட்டேன் என்கிறாள் என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கோச்சிக்காதீங்க சிஸ்டர். நீங்க உள்ள குந்திகினு கீறீங்க. கம்பெனி ஆளு உள்ள இருந்தா எவ வருவா? ஒரு பொண்ணு சர்ச் வாசல் வரிக்கும் வந்து, உங்கள பாத்துட்டு அப்டியே திரும்பிப் போச்சி. நானே பாத்தேன்."

அந்தப் பெண் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒருத்தியின் துணைக்காகப் போனவள் எப்போது என் துணைக்காகப் போக ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு செல்வராணியை அறையில் விட்டுவிட்டு, நான் சர்ச் முன்னால் மாதா சிலை வைத்த கெபி அருகே இருந்த சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஜெபம் செய்ய வந்தவள் மாதிரி கையில் ஜெபமாலை. அவள் உள்ளே தனியாக, நான் வெளியே தனியாக. நடுவில் சின்ன முற்றம். அவள் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்படியே சில ஞாயிறுகள் போயின. அவள் குடிக்காமல் இருந்தாள். ஆனால் இளைத்துப் போய்க்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு ஞாயிறு ஆட்டோ வந்து நின்றது. ஆட்டோ அண்ணன் இறங்கவில்லை, என் பக்கம் பார்க்கவும் இல்லை. என் வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மாள் இறங்கினார். மார்க்கெட்டுக்கு வந்தவர் மாதிரி கையில் ஒரு காய்கறிப் பை, பையில் ஒரு காயும் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அங்கே இருந்த ஒரே ஆள் என்பதால் நேராக என்னிடம் வந்தார்.

"பொம்பளைங்களுக்கு இன்னாமோ கூட்டம்னாங்களே, எங்க கீது அது?"

எழுந்து அறை வரை கூட்டிக்கொண்டு போனேன். செல்வராணி எழுந்து நின்றாள். நான் விதிப்படி வாசலிலேயே நின்றேன். உட்காருவதற்கு முன்னால் அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயும் குடிப்பியா?"

"இல்லம்மா," என்றேன்.

"அப்போ இன்னாத்துக்கு இங்க நின்னுகினு கீற? கதவ சாத்திட்டு போ."

செல்வராணி எனக்காக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். கதவை இழுத்துச் சாத்தினேன். நான் முற்றத்தில் இறங்குவதற்குள் அந்த அம்மாளின் குரல் உள்ளே கணீரென்று கேட்டது. மகன் கல்யாணத்தன்று மணமேடைக்குப் பின்னால் விழுந்து கிடந்த கதை. நடுவில் செல்வராணி சிரித்தாள். என்னிடம் சிரிக்கும் சிரிப்பு அல்ல அது, எனக்குப் பழக்கமில்லாத சிரிப்பு. சிரித்து முடித்து, "நானும் அப்பிடித்தான்," என்று அவள் தொடங்குவது கேட்டது. அதற்கு மேல் அங்கே நிற்பது தப்பு. வேகமாக நடந்து ரோட்டுக்கு வந்துவிட்டேன். இவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை. அவ்வளவு தனியாகவும் இருந்ததில்லை.

திங்கட்கிழமை அவள் ரத்த அழுத்தம் பார்க்க முதலுதவி அறைக்கு வந்தாள். தைல வாசனை இல்லை. கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, கூட்டம் எப்படி இருந்தது, அந்த அம்மா யார், என்னதான் பேசினீர்கள் என்று ஆசையாகக் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"நல்லா இருந்துச்சி அக்கா. உள்ள பேசினது வெளிய சொல்லக் கூடாதுல்லா."

ஆமாம், சரிதான் என்றேன். அழுத்தம் சரியாக இருந்தது, அதைச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு மதியம் குளித்து, இஸ்திரி போட்ட புடவை கட்டி, பலகாரத்தை டப்பாவில் போட்டு, வீட்டைப் பூட்டச் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். அப்புறம்தான் நான் போக வேண்டிய அவசியம் இல்லை என்பது உறைத்தது. உள்ளே திரும்பி வந்து, கட்டிய புடவையோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். நாலு மணி ஆயிற்று. இந்நேரம் அவர்கள் பேச ஆரம்பித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.